துவைத்த துணியில் ஈரக் கரித்துணி வாடை: மெஷினோடு நாங்கள் பட்ட பாடு

மடிப்பாக்கம் மருமகள்

போன கார்த்திகை. மாமனார் குளித்துவிட்டு வந்து பீரோவிலிருந்து வேட்டியை எடுத்து உதறினார். உதறியவர் அப்படியே நின்று முகர்ந்து பார்த்தார். "ஏம்மா, இது துவைச்சதா, துவைக்கப் போட்டதா?" எனக்குச் சுருக்கென்றது. மழைக்காலம், ஒரு வாரமாக ஹாலில் கொடி கட்டித்தான் காயவைக்கிறோம், அதனால்தான் மாமா என்று சமாளித்தேன். நானும் அப்படித்தான் நம்பினேன்.

கடைக்குப் போய் இருப்பதிலேயே வாசனை தூக்கலான கண்டிஷனர் வாங்கிவந்து, மூடி நிறைய ஊற்றினேன். மீன் கூடையில் மல்லிகைப் பூ வைத்த கதைதான். பத்து நாளில் வாடை இன்னும் அதிகமானது. மெஷின் கதவைத் திறந்தாலே முகத்தில் அடித்தது.

உண்மையைக் காட்டிக்கொடுத்தது பையனின் ஸ்கூல் சாக்ஸ். ஒற்றைக் கால் சாக்ஸைத் தேடி, கதவைச் சுற்றியிருக்கும் ரப்பரின் மடிப்புக்குள் விரலை விட்டேன். வழுவழுவென்று கறுப்பாக ஏதோ ஒட்டிக்கொண்டு வந்தது. சாக்ஸ் கிடைத்தது. கூடவே ஒரு ஹேர்பின், ஐந்து ரூபாய்க் காசு, கூழாகிப்போன பஸ் டிக்கெட், அரை டம்ளர் தேங்கிய தண்ணீர். மூன்று வருஷமாக அந்த மடிப்பை நான் விரித்தே பார்த்ததில்லை.

பழைய டூத் பிரஷ்ஷும் பாத்திரம் தேய்க்கும் திரவமும் வைத்து முக்கால் மணி நேரம் தேய்த்தேன். பவுடர் போடும் டிராயரை, உள்ளே இருக்கும் நாக்கை அழுத்தி முழுசாக வெளியே இழுத்தால், அது உட்காரும் பொந்தின் கூரையெல்லாம் கரும்பூஞ்சை. அதையும் துடைத்து, துணி இல்லாமல் 90 டிகிரியில் ஒரு முறை ஓட்டினேன். முடிந்து பார்த்தால் டிரம்மில் பழுப்பு நிறத்தில் செதில் செதிலாக ஒட்டிக் கிடந்தது. மறுபடி ஓட்டினேன். முக்கால்வாசி போய்விட்டது. மிச்சம் எங்கேயிருந்து வருகிறது என்றுதான் தெரியவில்லை.

பழைய மெக்கானிக்

தங்கச்சி, மிச்சம் கீழே இருக்கும். மெஷினின் முன்பக்கம் அடியில், பெரும்பாலும் வலது மூலையில், சின்னக் கதவு ஒன்று இருக்கும். அதற்குள்தான் பம்ப் ஃபில்டர். நான் போன வீடுகளில் பாதிப் பேருக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது.

ப்ளக்கைப் பிடுங்கிவிட்டுத் திறக்கவும். சுடுதண்ணீரில் ஓட்டியிருந்தால் ஆறட்டும். தாம்பாளமோ பேக்கிங் டிரேயோ கீழே வையுங்கள், வாளி அங்கே நுழையாது. ஃபில்டருக்குப் பக்கத்தில் சின்னக் குழாய் இருந்தால் முதலில் அதன் மூடியைக் கழற்றித் தண்ணீரை வடியவிட்டு, பிறகு ஃபில்டரை மெதுவாகத் திருகவும். குழாய் இல்லாத மாடலும் உண்டு, அதில் இன்னும் நிதானம் வேண்டும். அவசரப்பட்டால் தரையெல்லாம் சாக்கடை, அனுபவத்தில் சொல்கிறேன்.

டிரம் பளபளவென்று இருப்பதைப் பார்த்து ஏமாறாதீர்கள். அது உள்தொட்டி. அதைச் சுற்றி வெளியே ஒரு பிளாஸ்டிக் தொட்டி இருக்கிறது, நம் கண்ணுக்குத் தெரியாது. உடம்பு எண்ணெய், சோப்புக் கசடு, கண்டிஷனரின் கொழுப்பு எல்லாம் அதில்தான் படியும். வருஷம் முழுக்கப் பச்சைத்தண்ணீரிலேயே துவைத்தால் அது கரையாது, பாசி மாதிரி வளரும். கழற்றிக் காட்டினால் வீட்டுக்காரர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு, "இதிலா துவைச்சோம்?" என்பார்கள். கண்டிஷனரை நிறுத்துங்கள், அது பாதி வைத்தியம்.

இரண்டாம் மாடி

என் கதை வேறு. மே மாதம் இருபது நாள் ஊருக்குப் போய்விட்டு வந்தோம். வீட்டைத் திறந்ததும் மெஷின் பக்கமிருந்து அழுகின முட்டை நாற்றம். ஆளைக் கூப்பிட்டேன், வந்தவர் ஏதோ பாகம் மாற்ற வேண்டும் என்றார், மாற்றினார். எவ்வளவு கொடுத்தேன் என்று இங்கே எழுதினால் வீட்டில் மறுபடி சண்டை வரும். நாற்றம் போகவில்லை.

வேறு வேலையாக வந்த பிளம்பர்தான் கண்டுபிடித்தார். தரையில் தண்ணீர் போகும் ஓட்டைக்குக் கீழே வளைவில் எப்போதும் கொஞ்சம் தண்ணீர் நிற்க வேண்டுமாம், சாக்கடைக் காற்றை மேலே விடாமல் அதுதான் தடுக்கிறது. இருபது நாள் வெயிலில் அது வற்றிவிட்டது. ஒரு வாளி தண்ணீர் ஊற்றினார். அவ்வளவுதான்! காசு வாங்கக்கூட மறுத்துவிட்டார்.

அதனால் துணியில் வாடை இருக்கிறதா, மெஷினைச் சுற்றி மட்டும்தானா என்று முதலில் பாருங்கள். எனக்குத் துணி சுத்தமாகத்தான் இருந்தது, நான் கவனிக்கவில்லை.

கோவை வாசி

எங்களுக்கு வருவது சிறுவாணித் தண்ணீர், மென்மையானது. ஊரிலிருந்து வந்த என் அம்மாவுக்கு உப்புத்தண்ணீர்ப் பழக்கம். நுரை பொங்கினால்தான் அழுக்குப் போகும் என்று இரண்டு கரண்டி போடுவார். அலசலில் அத்தனையும் போகாமல் துணியிலும் மெஷினிலும் தங்கிவிட்டது. பவுடரை மூன்றில் ஒரு பங்காக்கினேன். அம்மாவுக்கு இன்றுவரை திருப்தியில்லை, ஆனால் வாடை இல்லை.

டாப் லோடு ஆள்

எங்கள் வீட்டில் மூஞ்சூறு. அடியில் புகுந்து செத்துக் கிடந்தது. இதற்கு மேல் விவரிக்க விருப்பமில்லை. கீழே வலை அடித்துவிட்டேன்.

கெமிஸ்ட்ரி டீச்சர்

ஒரு எச்சரிக்கை, பாடம் நடத்துகிறவளே செய்த முட்டாள்தனம். டிராயரில் பிளீச் ஊற்றினேன், "எதற்கும் இருக்கட்டும்" என்று டிரம்மில் வினிகரையும் ஊற்றி ஓட்டினேன். பிளீச்சோடு அமிலம் சேர்ந்தால் குளோரின் வாயு. வருஷா வருஷம் போர்டில் எழுதுகிற சமன்பாடு. தொண்டை எரிந்து, கண்ணில் தண்ணீர் கொட்டி, ஜன்னலைத் திறந்துவிட்டு மாடிக்கு ஓடினேன். ஒரு நாள் ஒன்றுதான், ஒன்றோடொன்று சேரவே கூடாது. பாத்ரூம் ஆசிட்டுக்கும் இதே கதைதான்.

அந்த மக்கல் வாடைக்கு மழை மட்டும் காரணமல்ல. 2012-இல் ஜப்பானிய ஆய்வாளர்கள், துவைத்த துணியில் வரும் ஈரக் கரித்துணி வாடைக்கு மொராக்செல்லா ஒஸ்லோயென்சிஸ் என்ற பாக்டீரியா காரணம் என்று காட்டினார்கள். காய்வதையும் புற ஊதாக் கதிரையும் அது நன்றாகத் தாக்குப்பிடிக்கிறதாம். அதனால்தான் மொட்டைமாடி வெயிலில் காய்ந்த துண்டுகூட, முகம் துடைத்து ஈரம் பட்டதும் பழையபடி வாடை அடிக்கிறது. துண்டு, பனியன், வேட்டியையாவது 60 டிகிரியில் துவையுங்கள். சாயம் போகிறதையும் பட்டையும் அதில் போட்டுவிட்டு என்னைத் திட்டாதீர்கள்.

மடிப்பாக்கம் மருமகள்

மெக்கானிக் அண்ணா, எங்களுக்கு போர் தண்ணீர். வாளியில் வெள்ளையாகப் படியும்.

பழைய மெக்கானிக்

அப்படியென்றால் உப்புப் படிவும் சேர்ந்திருக்கும். அழுக்கு அதைப் பிடித்துக்கொண்டுதான் நிற்கும். சிட்ரிக் ஆசிட் 100 கிராம் காலி டிரம்மில் போட்டு, சுடுதண்ணீரில் ஒரு ஓட்டு. மூன்று மாதத்துக்கு ஒரு முறை போதும். மெஷினோடு வந்த புத்தகத்தில் வேண்டாம் என்று போட்டிருந்தால் விட்டுவிடுங்கள். வினிகரை வாராவாரம் ஊற்றுகிறவர்கள் இருக்கிறார்கள், நாளடைவில் ரப்பருக்கு அது ஆகாது.

மடிப்பாக்கம் மருமகள்

திறந்துவிட்டேன். தாம்பாளம் இரண்டு தடவை நிரம்பியது, அந்த நாற்றத்துக்குப் பக்கத்து வீட்டு மாமி எட்டிப் பார்த்தார். ஃபில்டரில் முடியும் பஞ்சுமாக ஒரு உருண்டை, இரண்டு ஊக்கு, பிறகு மாமனார் வீடு முழுக்கத் தேடிய காது மெஷின் பேட்டரி.

துவைத்ததும் கதவை விரலளவு திறந்துவைக்கிறோம். வீட்டில் வாண்டு இருப்பதால் ஸ்விட்சை அணைத்து, எங்கள் கண்ணில் படும்படி. அந்த வேலையை மாமனாரே எடுத்துக்கொண்டார். மெஷின் முடிந்ததும் பாடுகிற பாட்டுக்கு, பேட்டரி போட்ட காதோடு, எங்களுக்கு முன்னால் எழுந்து போகிறார். வேட்டியை மட்டும் இன்னும் முகர்ந்து பார்த்துத்தான் கட்டுகிறார்.