புதுப்பிப்பு: அண்ணனின் பல் இம்ப்ளாண்ட் முடிந்தது

அண்ணனுக்குக் கீழ்க் கடைவாயில் இம்ப்ளாண்ட் (தாடை எலும்பில் திருகி வைக்கும் செயற்கைப் பல் வேர்) வைக்கலாமா, மெடிசேவ் (சிங்கப்பூரில் மருத்துவச் செலவுக்கான சேமிப்புக் கணக்கு) கைகொடுக்குமா என்று முன்பு கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லாருக்கும் நன்றி. மேலே பொருத்தும் பல் உறையான கிரவுனும் போட்டாச்சு, முறுக்கே கடிக்கிறார்.

மெடிசேவ் அறுவை சிகிச்சைக்குக் கிடைத்தது, அதுவும் வரம்புக்குள்தான். கிரவுனுக்குக் கைக்காசு. அதனால் ஸ்கேன், எலும்பு ஒட்டு (எலும்பு குறைந்த இடத்தில் எலும்பு சேர்ப்பது), கிரவுன் எல்லாம் சேர்த்த மொத்தக் கணக்கை முதலிலேயே எழுத்தில் வாங்கிவிடுங்கள். பல் மருத்துவருக்கு மெடிசேவ் அங்கீகாரம் உண்டா என்றும் கேளுங்கள்.

தயவுசெய்து அவசரப்படாதீர்கள். டைட்டானியத் திருகு தாடை எலும்போடு பிணைய பொதுவாக 3 முதல் 6 மாதம் ஆகும். அண்ணனுக்கு நீரிழிவு இருப்பதால், எச்பிஏ1சி (கடந்த சில மாதச் சராசரி ரத்தச் சர்க்கரை) அறிக்கையைப் பார்த்த பிறகே மருத்துவர் நாள் குறித்தார். அந்தக் கவனம் எனக்கு மிகவும் பிடித்தது. எலும்புத் தேய்மானத்துக்கு மாத்திரையோ ஊசியோ எடுப்பவர்கள் கட்டாயம் முன்கூட்டியே சொல்லுங்கள், சிலருக்குத் தாடை எலும்பு ஆறாமல் போகும் அபாயம் உண்டு. புகைப்பவர்களுக்கும் தோல்வி வாய்ப்பு அதிகம்.

அப்புறம், இம்ப்ளாண்ட்டில் சொத்தை வராது, சரி. ஆனால் அழுக்குப் படிந்தால் ஈறு வீங்கி, சுற்றியுள்ள எலும்பு கரையும். அண்ணன் தினமும் இரவு சின்ன இடுக்குத் தூரிகையால் கிரவுனின் இரு பக்கமும் தேய்க்கிறார். ஈற்றில் ரத்தம் கசிந்தால் உடனே போய்க் காட்டச் சொல்லியிருக்கிறார்கள்.