ஓதமறி: சுவரில் ஏறும் ஈரத்தை நிறுத்தும் அடுக்குக்கு ஒரு சொல்

அன்பு நண்பர்களுக்கு வணக்கம்.

இங்கிலாந்தில் பழைய கராஜைக் குடியிருக்கும் அறையாக மாற்றும் முறையைப் பற்றித் தமிழில் எழுதிக்கொண்டிருக்கிறேன். தரையிலிருந்து சுவரில் ஏறும் ஈரத்தை நிறுத்தும் அடுக்கான 'டேம்ப் ப்ரூஃப் கோர்ஸ்' என்பதற்கு 'ஈரத்தடுப்பு' போதுமே என்று நேற்று நம் குழுவில் ஒருவர் சொல்லியிருந்தார். போதாது என்பது என் எண்ணம். அதை எனக்குக் காட்டிக்கொடுத்தது எங்கள் வீட்டுக் கார் ஷெட்.

குழித்துறையில் அப்பா கட்டியது. 9 அங்குல வெட்டுக்கல் சுவர், நடுவில் இடைவெளி கிடையாது, அடித்தளத்துக்கு மேல் தடுப்பும் போடவில்லை. எங்கள் மாவட்டத்துக்கு இரண்டு பருவமழையும் உண்டு என்பதால் சுவர் காய நேரமே கிடைப்பதில்லை. முழங்கால் உயரத்துக்குப் பூச்சு பொருமி நின்றது. விரலால் சுரண்டினால் வெள்ளை உப்பு கோலமாவு மாதிரி உதிரும். ஈரத்தைத் தடுக்கும் என்று கடையில் சொல்லிக் கொடுத்த பெயின்டை உள்பக்கம் இரண்டு கோட் அடித்தேன். அடுத்த மழைக்காலத்தில் முழங்காலில் நின்ற ஈரம் இடுப்புக்கு வந்துவிட்டது.

கொத்தனார் தட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "இது மழை நனைச்ச ஈரம் இல்ல. தரையில இருந்து ஓதம் கேறுது. அது வெளிய போற வழிய நீங்க அடைச்சிட்டிய, அதான் மேல கேறிட்டு."

ஈரம் என்பது பொதுச்சொல். சாரல் நனைத்தாலும் ஈரம், சுவர் வேர்த்தாலும் ஈரம், கல்லின் நுண்துளை வழியே மண்ணிலிருந்து உறிஞ்சி ஏறினாலும் ஈரம். மூன்றுக்கும் மருந்து வேறு வேறு. நாம் பெயர் தேடும் பொருள் மூன்றாவதை மட்டும்தான் நிறுத்தும். நம் ஊரில் அது தரைக்குச் சற்று மேலே, சுவரின் முழு அகலத்துக்கும் போடும் ஒன்றரை அங்குல கான்கிரீட். சிமென்ட், மணல், ஜல்லி 1:2:4 கலவை, நீர்புகாப் பொடி சேர்த்தது. இங்கிலாந்தின் பழைய சுவர்களில் சிலேட் பலகையை வைத்தார்கள்.

எனவே 'ஓதமறி' என்று முன்வைக்கிறேன். ஓதம் என்றால் மண்ணிலிருந்து சுவரில் ஏறும் ஈரம், மறி என்றால் அதைக் குறுக்கே நின்று நிறுத்துவது. இடிதாங்கி, சுமைதாங்கி போல அந்தப் பொருளுக்கே பெயர்.

'ஈரக்காப்பு' என்று வைக்கலாமே என்று கேட்டால், ஈரம் பொதுச்சொல் என்பதோடு அதை வேண்டாம் என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. அதே கராஜ் சுவரில் 'வெப்பக்காப்பு'ப் பலகையும் வருகிறது. குளிர்நாட்டில் அந்தக் காப்பு வெப்பத்தை உள்ளேயே வைத்துக் காக்கிறது. பக்கத்திலேயே ஈரக்காப்பு என்று எழுதினால், ஈரத்தையும் உள்ளே வைத்துக் காப்பதாகத்தானே படிப்பவர் எடுத்துக்கொள்வார்?

குழித்துறையிலிருந்து

---

அண்ணனுக்கு வணக்கம். சித்தூரிலிருந்து (பாலக்காடு) எழுதுகிறேன்.

> எனவே 'ஓதமறி' என்று முன்வைக்கிறேன்.

இரண்டு தடைகள் தெரிகின்றன. ஓதம் என்றதும் படித்தவர்களுக்குக் கடலலைதான் நினைவு வரும். அப்புறம், எங்கள் ஊரில் எல்லாருக்கும் மலையாளம் தெரியும். அதில் 'மறி' என்றால் கவிழ்வது. சுவரில் மறி என்றால் சுவரே சாய்ந்துவிட்டதாக நினைப்பார்கள். 'ஓதத்தடை' என்று வைத்தால் என்ன?

---

தம்பி, நல்ல கேள்விகள்.

கடலோதத்தையும் சுவரோதத்தையும் யாரும் குழப்பிக்கொள்ளப் போவதில்லை. ஏட்டில் மட்டும் இருக்கும் சொல்லாக இருந்தால் நானும் தயங்குவேன். இதை என் கொத்தனார் சுவரைத் தட்டிக்கொண்டே சொன்னார்.

'தடை'யில்தான் எனக்குச் சிக்கல். மின்தடை என்பது ஓர் அளவு, ஓம் கணக்கில் சொல்வது. வெப்பக்காப்புப் பலகைக்கு வெப்பத்தடை என்கிற அளவும் இதே கட்டுரையில் வருகிறது. ஓதத்தடை என்றால் அதையும் எண்ணால் அளக்கலாம் போலிருக்கும். கையால் தொடக்கூடிய அடுக்கு மனதில் வராது.

'மறி' பற்றி நீங்கள் சொல்வது உண்மை, அதை நான் யோசிக்கவில்லை. ஆனாலும் வாய்க்காலை மறித்து மண் போடு என்கிறோம், வழிமறித்தான் என்கிறோம். தண்ணீர் போகும் வழியில் குறுக்கே நிற்பது என்ற பொருள் அதில் அப்படியே இருக்கிறது. இந்த அடுக்கு செய்வதும் அதே வேலைதான். முதல் முறை வரும் இடத்தில் 'ஓதமறி வரி' என்று எழுதிவிடுகிறேன். செங்கல் வரிசையைக் கொத்தனார்கள் வரி என்பதால் கவிழ்கிற பொருள் தோன்றாது. சரியா?

இதே அச்சில் 'ஆவிமறி'யும் கிடைக்கிறது. நீராவி சுவருக்குள் புகுந்து குளிர்ந்து நீராகாமல் நிறுத்தும் தாள் அது. இங்கிலாந்தில் அறைக்காற்றுதான் சூடும் ஈரமும் உள்ளது, அதனால் அதைப் பலகையின் உள்பக்கம் ஒட்டுவார்கள். நம் பக்கம் ஏசி ஓடும் அறையில் ஈரக்காற்று வெளியிலிருந்து உள்ளே வரும், பக்கம் மாறிவிடும். 'உட்தாள்' என்று ஒருவர் தந்த சொல்லை இதனால்தான் ஏற்க முடியவில்லை.

சுவர் வேர்ப்பதற்கு உங்கள் பக்கத்துக் கொத்தனார்கள் தனிச்சொல் ஏதும் வைத்திருக்கிறார்களா? கேட்டு எழுதுங்கள் தம்பி. அந்தப் பத்தியை அதுவரை நிறுத்தி வைக்கிறேன்.