கரையை நேராக்கினால் சிம்னி சாய்கிறது, சிம்னியை நிமிர்த்தினால் கரை சரிகிறது. எதை நம்புவது?

மஸ்கெலியா டீச்சர்:

வணக்கம். இலங்கை மலைநாட்டில், மஸ்கெலியாப் பக்கம் ஒரு தோட்டப் பாடசாலையில் படிப்பிக்கிறேன். என்னிடம் இருப்பது பழைய கெனன் 700டி, அதோடு வந்த 18-55 லென்ஸ். படம் எடுக்கத் தொடங்கி இரண்டு வருடம்தான் ஆகிறது.

ஜனவரியில் ஒரு விடியக்காலை மவுஸ்ஸாக்கலை நீர்த்தேக்கத்துக்கு மேலே ஒரு தேயிலை மலையில் நின்று சிவனொளிபாத மலையை எடுத்தேன். கீழே தண்ணீர், அக்கரையில் ஒரு பெக்டரி, அதற்குப் பின்னால் சிகரம். பனி மூடாத காலை எங்களுக்கு லொத்தர் விழுந்த மாதிரி. படம் அதிபருக்குப் பிடித்துப்போய், பெரிதாகப் பிரிண்ட் போட்டு, பிரேம் அடித்துத் தன் அறையிலேயே மாட்டிவிட்டார்.

தொல்லை அங்கேதான் ஆரம்பம். அறைக்குள் வருகிற ஒவ்வொருவரும் பேசிக்கொண்டே பிரேமைத் தொட்டுச் சரிசெய்கிறார்கள். அவர்கள் போனதும் அதிபர் எழும்பித் திரும்பச் சரிசெய்கிறார். ஆணியை இரண்டு தரம் மாற்றி அடித்தோம். கடைசியில் கழிவறைக் கட்டட வேலைக்கு வந்த மேசன் பாஸ் தன் மட்டத்தைப் பிரேமின் மேல் வைத்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "பிரேம் சரி டீச்சர். உள்ளுக்குள்ள இருக்கிற தண்ணிதான் சரிஞ்சு நிக்குது." ஐந்தாம் வகுப்புப் பிள்ளை ஒன்று, இடது பக்கம் வாளி வைக்க வேண்டும் என்றது.

சரி, திருத்தலாம் என்று கணினியில் போட்டேன். அக்கரைத் தண்ணீர்க்கோடு நேராகும் வரை வலப்பக்கமாகத் திருப்பினேன். 4 பாகை பிடித்தது. இப்போது பெக்டரிச் சிம்னி நன்றாக வலப்பக்கம் சாய்ந்துவிட்டது. முதலில் அது இடப்பக்கம் லேசாகத்தான் சாய்ந்திருந்தது. சிகரத்துக்கு மேலே இருந்த வானமும் வெட்டுப்பட்டுப் போயிற்று. தண்ணீர் மட்டமாகத்தானே இருக்க வேண்டும்? பெக்டரிக்காரர்கள் சிம்னியைச் சரித்துக் கட்டுவார்களா? எதை நம்புவது?

இன்னொன்று. என் படங்களில் முக்கால்வாசி இதே பக்கம்தான் சாய்கின்றன. என் கண்ணில் கோளாறா?

கைப்போன் போதும்:

இதுக்குப் போய் இவ்வளவு யோசனையா? படத்தைப் போனுக்கு மாற்றி, ஸ்னாப்சீட்டில் சுழற்று என்பதைத் தொட்டால் அதுவே நேராக்கித் தரும். காசும் இல்லை.

ஹட்டன் ஸ்டூடியோ:

தம்பி, அந்தச் செயலியும் ஏதாவது ஒரு கோட்டைப் பார்த்துத்தான் நேராக்கும். எந்தக் கோடு என்பதுதான் டீச்சருடைய கேள்வி.

டீச்சர், சிம்னியை நம்புங்கள். 34 வருடம் ஸ்டூடியோ நடத்தியவன் சொல்கிறேன், நம் மலைநாட்டில் படம் சாய்வதற்குக் காரணமே நமக்குத் தொடுவானம் இல்லாததுதான். காலிமுகத்திடலில் நிற்கிறவனுக்குக் கடல் கோடு போட்டுக் கொடுக்கிறது. நமக்கு எல்லாப் பக்கமும் சரிவு. தேயிலை வரிசை சரிவு, பாதை சரிவு, நாம் நிற்கும்போது ஒரு கால் மேலே ஒரு கால் கீழே. அதனால் கண் தண்ணீரைக் கண்டதும் ஓடிப்போய்ப் பிடித்துக்கொள்கிறது.

தண்ணீர் மட்டம்தான். ஆனால் நீங்கள் பார்த்தது தண்ணீரின் மட்டத்தை இல்லை, கரையின் ஓரத்தை. மேலே நின்று பார்க்கும்போது கிட்டே இருக்கிற கரை படத்தில் கீழே விழும், தூரக் கரை மேலே ஏறும். ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். நீங்கள் தண்ணீருக்கு 30 மீட்டர் மேலே நிற்கிறீர்கள், படத்தின் இடது ஓரத்தில் கரை 400 மீட்டரில், வலது ஓரத்தில் ஒரு கிலோமீட்டரில் என்று வைத்துக்கொள்வோம். இடது கரை உங்கள் கண்மட்டத்திலிருந்து 4 பாகைக்குமேல் தாழ்வாகத் தெரியும், வலது கரை 2 பாகைகூடத் தாழாது. 18 மி.மீ.யில் படத்தின் அகலம் ஏறக்குறைய 64 பாகை. கமரா துல்லியமாக மட்டமாக இருந்தாலும் அந்தக் கரை இரண்டரை பாகை சரிந்துதான் விழும். மவுஸ்ஸாக்கலையோ காசல்ரீயோ, கரை விரல் விரலாக உள்ளே வெளியே போகிற குளங்கள். கமராவுக்கு நேர் குறுக்கே ஓடுகிற கரை கிடைப்பது அபூர்வம்.

ஆகவே உங்கள் 4 பாகையில் இரண்டரை கரையின் வேலை. மிச்சம் ஒன்றரைதான் உங்கள் கை செய்த பிழை. சிம்னி இடப்பக்கம் லேசாகச் சாய்ந்திருந்தது என்றீர்களே, கணக்கு ஒத்துப்போகிறது. சிம்னி நிமிரும் வரை திருப்பி நிறுத்துங்கள். நஷ்டமும் குறையும். 4 பாகை திருப்பி அதே நீள அகல விகிதத்தில் வெட்டினால் படத்தில் 18 சதவீதம் போய்விடும். ஒன்றரை பாகைக்கு 7 சதவீதம்தான். உங்கள் வானம் திரும்பி வரும்.

சிம்னியிலும் ஒரு சூட்சுமம் உண்டு. அது மேலே போகப் போக ஒடுங்கும், ஒரு பக்க விளிம்பைப் பிடித்து நேராக்கினால் ஏமாந்துவிடுவீர்கள். நடுக்கோட்டைப் பாருங்கள். அதோடு, அது படத்தின் நடுவை ஒட்டி இருக்க வேண்டும். கமராவைக் கொஞ்சம் மேலே தூக்கிப் பிடித்தாலே ஓரத்தில் நிற்கிற சுவர், கம்பம் எல்லாம் உள்பக்கம் சாயும். அந்தச் சாய்வு வேறு, இது வேறு. லைட் கம்பத்தையும் மரத்தையும் நம்ப வேண்டாம், நம் மண்ணில் நாலு மழைக்கு அவை தாமாகவே சாய்ந்துவிடும். வரட்சியில் தண்ணீர் இறங்கும்போது பழைய மஸ்கெலியா டவுனின் கட்டடங்கள் தலை காட்டுமே, அந்தச் சுவர்களும் அப்படித்தான். 1960களின் கடைசியிலிருந்து தண்ணீருக்குள் கிடந்தவை.

ஒரு காட்சி மட்டும் பொய் சொல்லாது. காற்றில்லாத காலையில் சிகரமும் தண்ணீரில் விழுகிற அதன் பிம்பமும் சேர்ந்து தெரியுமே, அந்த இரண்டு உச்சியும் ஒன்றின் கீழ் ஒன்றாக, செங்குத்தாக இருக்க வேண்டும். கரை எப்படி ஓடினாலும் இது மாறாது.

கண்ணில் கோளாறு இல்லை, விரலில்தான். பொத்தான் வலப்பக்கம் இருக்கிறது. அழுத்தும்போது கமராவின் வலது தோள் இறங்குகிறது. படத்தில் அது தலைமாறி விழும், வலப்பக்கம் ஏறி, இடப்பக்கம் தாழும். உங்கள் பிள்ளை வாளி வைக்கச் சொன்ன பக்கம். இடது உள்ளங்கையில் லென்ஸை ஏந்துங்கள். பொத்தானைக் குத்தாமல், கமராவைக் கிள்ளுவது மாதிரி, மேலே ஆள்காட்டி விரல், கீழே பெருவிரல் என்று இரண்டாலும் சேர்த்து அழுத்துங்கள். சந்தேகம் இருந்தால் கதவு நிலையில் ஒரு நூலில் பூட்டைத் தொங்கவிட்டு, பத்துப் படம் கையால், பத்துப் படம் 2 செக்கன் டைமரில் எடுத்துப் பாருங்கள்.

700டியில் சாய்வு காட்டும் மட்டம் கிடையாது. ஆனால் திரையில் பார்த்து எடுக்கும்போது கட்டக்கோடு போடலாம். கண் வைத்துப் பார்க்கும் சிறு ஜன்னலில் பார்த்து எடுத்தால் ஒன்பது போகஸ் புள்ளிகள் இருக்கின்றனவே, மேல், நடு, கீழ்ப் புள்ளிகள் ஒரே நேர்கோடு. அந்தக் கோட்டில் சிம்னியைக் கோத்துவிட்டு அழுத்துங்கள். எங்கள் காலத்துப் பெரிய ஸ்டாண்ட் கமராவில் பின்கண்ணாடியில் கட்டம் கீறியிருக்கும், படமும் தலைகீழாகத் தெரியும். தலைகீழாகப் பார்த்தால் மலை மலையாகத் தெரியாது, வெறும் கோடாகத் தெரியும், சாய்வு உடனே பிடிபடும். இன்றைக்கும் கணினியில் படத்தைக் கவிழ்த்துப் பார்க்கிற பழக்கம் எனக்கு உண்டு. மனைவி சிரிப்பாள்.

ஹப்புத்தளை ரயில்:

ஹட்டன் அண்ணனின் கணக்குக்கு ஒரு வால். மட்டம் காட்டும் கமரா இருந்தாலும் ரயிலில் அதை நம்ப வேண்டாம். அது பூமி இழுக்கும் திசையை உணர்ந்துதான் காட்டுகிறது. வளைவில் போகும்போது பக்கவாட்டு இழுப்பும் சேர்ந்துகொள்ளும். 100 மீட்டர் ஆரமுள்ள வளைவில் 25 கி.மீ. வேகம் என்றால் கிட்டத்தட்ட 3 பாகை பொய் சொல்லும். போதாததற்கு வளைவில் வெளித் தண்டவாளத்தை உயர்த்திப் போட்டிருப்பார்கள், ஜன்னல் சட்டமும் சாய்ந்தே இருக்கும். நான் நேரான பாதை வரும்வரை பொறுத்திருந்து எடுக்கிறேன், அல்லது சும்மா உட்கார்ந்து பார்க்கிறேன்.

தெமோதரை ஒன்பது வளைவுப் பாலத்திலும் இதே பிழையைத்தான் பலர் செய்கிறார்கள். 1921இல் கட்டிய அந்தப் பாலமே வளைந்து ஓடுகிறது. மேல்விளிம்பை நேராக்கினால் தூண்களெல்லாம் குடித்தவன் மாதிரி நிற்கும். நடுத்தூணை நிமிர்த்துங்கள், போதும்.

எங்கள் ஊர்க்காரர்களுக்கு ஒரு பாக்கியம். தெளிவான நாளில் தெற்கே சமவெளி விரிந்து உண்மையான தொடுவானம் தெரியும். மஸ்கெலியாக்காரர்கள் பொறாமைப்படலாம்.

மஸ்கெலியா டீச்சர்:

பொறாமைதான்!

ஸ்டூடியோ ஐயா, சொன்னபடி செய்தேன். சிம்னியின் நடுக்கோட்டைப் பிடித்துத் திருப்பியபோது 1.4 பாகையில் நின்றது. வானம் திரும்பி வந்துவிட்டது. பூட்டுச் சோதனையும் செய்தேன். கையால் எடுத்த பத்தில் எட்டு இடப்பக்கம் தாழ்ந்திருக்கின்றன. டைமரில் எடுத்தவை இரண்டு பக்கமும் கொஞ்சம் கொஞ்சம். வீட்டில் எல்லாரும் பூட்டைப் படம் எடுக்கிறவளை ஒரு மாதிரிப் பார்த்தார்கள்.

ஆனால் ஒரு சிக்கல். திருத்திய படத்தை அதிபரிடம் காட்டினேன். "இன்னும் கொஞ்சம் சரிவா இருக்கே டீச்சர்" என்கிறார். சிம்னி, கண்மட்டம், 400 மீட்டர் எல்லாம் விளக்கினேன். தலையாட்டிவிட்டு, "இருந்தாலும் தண்ணி..." என்றார்.

ஹட்டன் ஸ்டூடியோ:

அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது, படம் பார்க்கிறவர் கணக்குப் பார்க்க மாட்டார். சிலர் பாதிக்குப் பாதி திருப்பி இரண்டு பக்கத்தையும் சமாளிப்பார்கள். கல்யாணப் படத்தில் நானும் செய்திருக்கிறேன், ஆனால் எனக்குப் பிடிக்காது. அதைவிட மலையை விட்டு இறங்குங்கள். கமரா தண்ணீருக்கு 2 மீட்டர் மேலே இருந்தால் அதே கரை கால் பாகைகூடச் சரியாது. கரையும் சிம்னியும் சண்டை போடாது.

மஸ்கெலியா டீச்சர்:

நேற்றுக் காலை இறங்கினேன் ஐயா. தண்ணீர் வற்றி, கரையெல்லாம் சேறு. ஒரு செருப்பு அங்கேயே. சிகரம் ஆறு ஆறரை வரை தெரிந்தது, பிம்பமும் விழுந்தது, உச்சிக்கு நேர் கீழே உச்சி. நாலு படம் எடுப்பதற்குள் பனி வந்து மூடிக்கொண்டது. நாலில் மூன்றைத் திருப்பவே வேண்டியதில்லை. பெக்டரி மட்டும் தேயிலைக்குப் பின்னால் மறைந்துவிட்டது, கூரையின் ஒரு துண்டுதான் தெரிகிறது.

புதுப் பிரிண்டுக்குச் சொல்லியிருக்கிறேன், வர ஒரு கிழமை ஆகுமாம். அதுவரை பழைய படம்தான் தொங்குகிறது. இன்று காலை வந்த ஒரு அதிகாரியும் வருகைப் பதிவேட்டைப் புரட்டிக்கொண்டே ஒற்றை விரலால் பிரேமைத் தள்ளிவிட்டார். அதிபர் என்னைப் பார்த்தார். நான் ஜன்னலைப் பார்த்தேன்.