அவசரம்: ஆல் இன் ஒன் பிரிண்டரில் கறுப்புக் கோடு, சாயந்திரத்துக்குள் சரியாக வேண்டும்

லாட்ஜ்_தம்பி | காலை 10.52
வணக்கம். எங்கள் ஆபீஸ் ஆல் இன் ஒன் பிரிண்டரில் நேற்று சாயந்திரத்திலிருந்து கறுப்புக் கோடு விழுகிறது. தாளின் மேலிருந்து கீழ் வரை ஒரே நேர்கோடு. இரண்டு தடவை ஆஃப் செய்து ஆன் செய்தேன், போகவில்லை. ராத்திரி காட்பாடியில் ஹவுரா வண்டி ஏறுகிற கஸ்டமருக்கு 64 பக்கம் கொடுத்தாக வேண்டும். முதலாளி இன்னும் பார்க்கவில்லை. தெரிந்தவர்கள் சீக்கிரம் சொல்லுங்கள்.

பாலாறு_மணல் | காலை 10.58
என்ன மாடல்? லேசரா, இங்க்கா? கம்ப்யூட்டரிலிருந்து பிரிண்ட் கொடுத்தால் கோடா, ஜெராக்ஸ் எடுத்தால் கோடா, ஸ்கேனிலும் வருகிறதா? ஒன்றுமே சொல்லாமல் கோடு என்றால் ஜோசியரிடம்தான் போக வேண்டும்.

மக்கன்பேடா | காலை 11.03
நூற்றுக்கு நூறு டோனர்தான். ரீஃபில் போட்டீர்களா? ரீஃபில் போடுகிறவர்கள் பவுடரை மட்டும் கொட்டிவிட்டு உள்ளே இருக்கும் பிளேடை மாற்றமாட்டார்கள், அது பவுடரைத் தாளில் பதிக்கிற டிரம் உருளையைச் சரியாக வழிக்காது, கோடு விழும். ஆற்காட்டில் என் கடையில் இதே கதை மூன்று தடவை. புது கார்ட்ரிட்ஜ் வாங்கிப் போடுங்கள், வேறு எதையும் தொடாதீர்கள்.

காட்பாடி_பிளாட்பாரம் | காலை 11.05
கம்ப்யூட்டரில் இருக்கும் பிரிண்டர் டிரைவர் சாஃப்ட்வேரை எடுத்துவிட்டு மறுபடி போடுங்கள் ப்ரோ. எங்கள் ஆபீஸில் அப்படித்தான் சரியானது.

பாலாறு_மணல் | காலை 11.07
டிரைவர் எப்படி அப்பா கோடு போடும்?

காட்பாடி_பிளாட்பாரம் | காலை 11.08
எங்களுக்குச் சரியானது. அவ்வளவுதான் தெரியும்.

லாட்ஜ்_தம்பி | காலை 11.21
மன்னிக்கவும், கவுன்ட்டரில் ஆள் நின்றார்கள். நான் காந்தி ரோடு பக்கம் ஒரு லாட்ஜில் வேலை, கீழேயே டிராவல்ஸும் எங்களுடையதுதான். லேசர்தான், கறுப்பு வெள்ளை. மாடல் பெயர் ஸ்டிக்கர் கிழிந்திருக்கிறது. போன மாதம் ரீஃபில் போட்டோம். ஜெராக்ஸ் எடுக்கும்போதுதான் கோடு. பாஸ்போர்ட், விசா எல்லாம் பளிச்சென்று வருகிறது, இந்த ரிப்போர்ட் கட்டு போட்டால்தான் ஒவ்வொரு தாளிலும் கோடு. தாள் தரம் சரியில்லையோ? கஸ்டமர் ஆஸ்பத்திரிச் செலவை ஊரில் தன் ஆபீஸில் திரும்ப வாங்க பில், டிஸ்சார்ஜ் சம்மரி எல்லாம் இரண்டு செட் கேட்கிறார். கோடு சரியாகத் தொகை எழுதின இடத்தில் விழுகிறது.

மக்கன்பேடா | காலை 11.24
ரீஃபில்! சொன்னேனா இல்லையா?

பழைய_மெக்கானிக் | காலை 11.36
இந்த இழையைப் பார்த்தால் சிரிப்பாக வருகிறது. ஆளாளுக்கு ஒரு வைத்தியம். 22 வருஷமாக ராணிப்பேட்டை தொடங்கி திருப்பத்தூர் வரை மெஷின் பார்க்கிறேன், மூன்று மாவட்டமும் ஒரே மாவட்டமாக இருந்த காலத்திலிருந்து. முதலில் மெஷின் எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள், அப்புறம் ஆலோசனை சொல்லலாம். ஜெராக்ஸ் முறையைக் கண்டுபிடித்த செஸ்டர் கார்ல்சனும் அவர் உதவியாளரும் 1938 அக்டோபர் 22ல் ஒரு கண்ணாடித் துண்டில் தேதியையும் ஊர்ப் பெயரையும் எழுதி, கந்தகம் பூசிய துத்தநாகத் தகட்டைத் துணியால் தேய்த்து மின்னேற்றி, கண்ணாடி வழியாக விளக்கைக் காட்டி, தகட்டின்மேல் பொடி தூவிக் காகிதத்தில் எடுத்தார்கள். இன்றைக்கு உங்கள் மேஜையில் இருப்பதும் அதே வித்தைதான். தகட்டுக்குப் பதில் டிரம், விளக்குக்குப் பதில் லேசர். டிரம்மில் கீறல் விழுந்தால் கோடு விழும். கறுப்புப் புள்ளி சுமார் 75 மி.மீ.க்கு ஒரு தடவை திரும்பத் திரும்ப வந்தால் அதுவும் டிரம்தான், சின்ன கார்ட்ரிட்ஜ் பலவற்றில் டிரம்மின் சுற்றளவு அவ்வளவு. தம்பி, ஸ்கேல் வைத்து அளந்துவிட்டுப் பேசு. டிரம் மாற்று, முடிந்தது.

முள்ளுக்கத்திரி | காலை 11.41
இதனால்தான் நான் ஆல் இன் ஒன் பக்கமே போவதில்லை. ஒரு கோடு விழுந்தால் பிரிண்ட், ஜெராக்ஸ், ஸ்கேன் மூன்றும் படுத்துவிடும். தனித்தனியாக வாங்கியிருந்தால் ஒன்று போனாலும் மற்றது ஓடும்.

சத்துவாச்சாரி_அக்கா | காலை 11.52
தம்பி, எல்லோரும் கொஞ்சம் நிறுத்துங்கள். நீங்களே பதிலைச் சொல்லிவிட்டீர்கள், யாரும் கவனிக்கவில்லை. பாஸ்போர்ட்டை எங்கே வைத்து எடுக்கிறீர்கள்? மூடியைத் திறந்து கண்ணாடிமேல்தானே? புத்தகத்தை மேல் டிரேயில் விட முடியாது. ரிப்போர்ட் கட்டை மேலே வைத்துத் தானாக இழுக்க விடுகிறீர்கள். அப்படியென்றால் டோனரும் இல்லை, டிரம்மும் இல்லை. டிரம்மில் கோளாறு என்றால் பாஸ்போர்ட் நகலிலும் கோடு விழுந்திருக்க வேண்டும், இரண்டும் அதே டிரம் வழியாகத்தான் வெளியே வருகிறது.

சந்தேகம் என்றால் மூன்று தாள் எடுத்துப் பாருங்கள். கம்ப்யூட்டரிலிருந்து ஒரு பிரிண்ட், கண்ணாடிமேல் வைத்து ஒரு நகல், மேல் டிரேயில் விட்டு ஒரு நகல். மூன்றாவதில் மட்டும் கோடு என்றால் மூடியைத் திறங்கள். பெரிய கண்ணாடிக்குப் பக்கத்தில் விரல் அகலத்துக்கு ஒரு ஒல்லிக் கண்ணாடி தனியாக இருக்கும், பெரும்பாலும் இடது ஓரத்தில். அங்கே ஏதோ ஒட்டியிருக்கிறது.

பாலாறு_மணல் | காலை 11.55
அட, பாஸ்போர்ட். ஆமாம். ஆனால் அக்கா, துளி அழுக்கு எப்படி முழு நீளக் கோடாகும்? புள்ளியாகத்தானே விழ வேண்டும்?

சத்துவாச்சாரி_அக்கா | மதியம் 12.04
பெரிய கண்ணாடியில் தாள் அசையாது, கீழே ஸ்கேன் செய்கிற கம்பி நகர்ந்து போகும். அங்கே அழுக்கு இருந்தால் புள்ளிதான் விழும். மேல் டிரேயில் விடும்போது தலைகீழ். கம்பி ஒல்லிக் கண்ணாடிக்கு அடியில் போய் நின்றுகொள்ளும், தாள்தான் அதன்மேல் ஓடும். நிற்கிற கண் முன்னால் ஒரு துளி இருந்தால், தாளின் 297 மி.மீ. நீளமும் அந்தத் துளியைத்தான் அது பார்த்துக்கொண்டிருக்கும். அதனால்தான் கோடு.

என் அனுபவம் சொல்கிறேன். ஆடிட்டர் ஆபீஸ் வேலை, எங்களுக்கு ஒவ்வொரு மாதமும் 20ஆம் தேதிக்கு முன்னால் கட்டுக் கட்டாகப் பில் ஸ்கேன் ஆகும். ஒருநாள் ஒயிட்னர் காயாத தாளை யாரோ உள்ளே விட்டுவிட்டார்கள். கண்ணுக்கே தெரியவில்லை, மெஷினை ஆஃப் செய்து, நகத்தால் மெதுவாகத் தடவிப் பார்த்தபோதுதான் மிளகில் பாதி அளவுக்கு ஒரு மேடு தட்டியது. டார்ச்சைச் சாய்த்துப் பிடித்தால் தெரியும். பஞ்சு விடாத துணியில் கொஞ்சம் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் நனைத்துத் துடையுங்கள். மெடிக்கலில் கிடைக்கும். கண்ணாடிமேல் நேராக ஊற்றாதீர்கள், உள்ளே இறங்கிவிடும். பிளேடு போட்டுச் சுரண்டவே கூடாது. அதற்கு நேர் எதிரே, மூடிப் பக்கம் இருக்கும் வெள்ளைப் பட்டையையும் துடையுங்கள்.

இன்னொன்று. உங்கள் மெஷின் ஒரே ஓட்டத்தில் இரண்டு பக்கமும் ஸ்கேன் செய்கிற ரகமாக இருந்தால், தாளின் பின்பக்கத்தைப் படிக்க மேலே மூடிக்குள் இன்னொரு கண் இருக்கும். பின்பக்கத்தில் மட்டும் கோடு வந்தால் அங்கே பாருங்கள்.

பழைய_மெக்கானிக் | மதியம் 12.10
நான் சொல்ல வந்ததும் இதேதான். அடிப்படையைச் சொல்லிவிட்டு மெதுவாக வரலாம் என்று இருந்தேன்.

மக்கன்பேடா | மதியம் 12.11
அண்ணா, டிரம் மாற்று, முடிந்தது என்று எழுதியிருக்கிறீர்கள்.

பழைய_மெக்கானிக் | மதியம் 12.13
அது பொதுவாகச் சொன்னது.

குடியாத்தம்_கைலி | மதியம் 12.25
முள்ளுக்கத்திரி அண்ணாவுக்கு ஒரு பதில். நான் ஒரு டிடிபி சென்டர் வைத்திருக்கிறேன், ஆறடிக்கு எட்டடி. இதில் ஒரு ஜெராக்ஸ் மெஷின், ஒரு பிரிண்டர், ஒரு ஸ்கேனர் மூன்றையும் வைத்தால் கஸ்டமர் தெருவில்தான் நிற்க வேண்டும். இப்போது ஒரே பெட்டி, ஒரே பிளக், ஒரே டோனர். ஆதார் கார்டை முன்னும் பின்னும் ஒரே தாளில் எடுக்க தனி பட்டன். வாட்ஸ்அப்பில் வந்ததைப் போனிலிருந்தே பிரிண்ட் கொடுத்துவிடுகிறேன், கம்ப்யூட்டர் ஆன் செய்யவே தேவையில்லை. இரண்டு பக்கமும் தானாக அடிப்பதால் ரீம் பாதி மிச்சம். தம்பியின் லாட்ஜையே எடுத்துக்கொள்ளுங்கள், வேலூர் சி.எம்.சி. ஆஸ்பத்திரிக்கு வருகிறவர்கள் வெளிநாட்டுக்காரர் என்றால் 24 மணி நேரத்துக்குள் அவர்கள் விவரத்தைப் படிவத்தில் ஆன்லைனில் ஏற்ற வேண்டும், பாஸ்போர்ட்டை ஸ்கேன் செய், நகல் எடு, ரிஜிஸ்தரில் வை. ராத்திரி இரண்டு மணிக்கு வந்து இறங்குகிறவருக்கு எந்த ஜெராக்ஸ் கடை திறந்திருக்கும்?

முள்ளுக்கத்திரி | மதியம் 12.34
வேண்டாம் என்று சொல்லவில்லை. 64 பக்கம் மேலே ஓடிக்கொண்டிருக்கும்போது டிராவல்ஸ் பையன் ஒரு டிக்கெட் பிரிண்ட் கொடுத்தால் என்ன ஆகும்? நிறைய மெஷினில் இது முடிகிற வரை காத்திருக்க வேண்டும். உள்ளே தாள் சிக்கினால் இரண்டு வேலையும் நிற்கும். சர்வீஸுக்குத் தூக்கிக்கொண்டு போனால் மூன்று நாள் ஆபீஸே ஊமை. என்னிடம் பழைய லேசர் ஒன்று, தனி ஸ்கேனர் ஒன்று. ஸ்கேனர் படுத்தாலும் பில் அடிக்கிறேன்.

குடியாத்தம்_கைலி | மதியம் 12.37
அந்தப் பழைய லேசரை ஸ்டெப்னியாக வைத்துக்கொண்டு முன்னால் ஒரு ஆல் இன் ஒன் போடுங்கள். நானும் அப்படித்தான். இதற்கு ஏன் சண்டை?

மக்கன்பேடா | மதியம் 12.45
இங்க் டேங்க் ரகம் வாங்கினால் பக்கத்துக்கு இன்னும் மலிவு.

பாலாறு_மணல் | மதியம் 12.47
ரிப்போர்ட்டுக்கு வேண்டாம். சாதாரண இங்க் எழுத்து தண்ணீர் பட்டால் கரையும். ரயிலில் தண்ணீர் பாட்டிலோடு ஒரே பையில் போகிற காகிதம் அது. அப்புறம் இங்க் மெஷினை நாலு வாரம் சும்மா விட்டால் ஹெட் காய்ந்துவிடும், நம் ஊர் மே மாத வெயிலில் கேட்கவே வேண்டாம். டோனர் சூட்டில் உருகித் தாளில் ஒட்டுகிற பிளாஸ்டிக் பொடி, நனைந்தாலும் எழுத்து நிற்கும்.

பழைய_மெக்கானிக் | மதியம் 12.56
சூடு என்றதும் ஒன்று சொல்லவேண்டும், இதிலாவது குறுக்கே பேசாமல் கேளுங்கள். லேசர் மெஷினைக் கம்ப்யூட்டர் யூபிஎஸ்ஸில் செருகாதீர்கள். உள்ளே டோனரை உருக்குகிற ஃப்யூசர் 200 டிகிரி அளவுக்குச் சூடாகிறது, அந்த நொடியில் சில நூறு வாட் ஒரேயடியாக இழுக்கும். 600 விஏ யூபிஎஸ் கத்திவிட்டு ஆஃப் ஆகிவிடும், கூடவே கம்ப்யூட்டரும். நேராகச் சுவர் பிளக்கில் போடுங்கள்.

டோனர் பெட்டியில் இத்தனை ஆயிரம் பக்கம் என்று எழுதியிருப்பதையும் அப்படியே நம்ப வேண்டாம். அது தாளில் சுமார் 5 சதவீதம் மட்டும் கறுப்பு விழுகிற கணக்கு. பாஸ்போர்ட்டை மூடி திறந்தபடியே நகல் எடுத்தால் சுற்றிலும் தார் ரோடு மாதிரி கறுப்பாக வரும். அப்படி எடுத்தால் ரீஃபில்காரன் பணக்காரன் ஆவான். மேலே ஒரு வெள்ளைத் தாளையாவது வைத்து எடு தம்பி.

காட்பாடி_பிளாட்பாரம் | மதியம் 12.59
இது நல்ல தகவல் அண்ணா. நாங்கள் திறந்தபடிதான் எடுக்கிறோம்.

சத்துவாச்சாரி_அக்கா | மதியம் 1.06
தம்பிக்கு இன்னும் இரண்டு விஷயம். ஸ்டேப்ளர் பின் எல்லாவற்றையும் எடுத்துவிட்டீர்களா என்று ஒவ்வொரு தாளாகத் தடவிப் பாருங்கள், ஒரு பின் உள்ளே போனால் அந்த ஒல்லிக் கண்ணாடியில் கீறல் விழும், கீறலைத் துடைக்க முடியாது. மருந்துக் கடை, கேன்டீன் பில் மாதிரி வழவழப்பான சுருள் தாள் இருந்தால் அதைக் கண்ணாடிமேல் வைத்தே எடுங்கள், உள்ளே விட்டால் சுருண்டு சிக்கும். அந்த பில் சூட்டில் எழுதுகிற தாள், சில மாதத்தில் வெளுத்துவிடும், அதனால் அதற்கு நகல் கண்டிப்பாக வேண்டும் என்று கஸ்டமரிடமும் சொல்லிவிடுங்கள்.

முள்ளுக்கத்திரி | மதியம் 1.15
இன்னொரு சங்கதி. பெரிய ஆபீஸ் ரக ஆல் இன் ஒன் பலவற்றில் ஹார்டு டிஸ்க் இருக்கும். எடுத்த நகல் உள்ளே தங்கலாம். பழையதை எடைக்குப் போடும்போது அழிக்காமல் போட்டால் அத்தனை பேர் பாஸ்போர்ட்டும் நோயும் கூடவே போகும். தனித்தனி மெஷினில் இந்தத் தலைவலி...

குடியாத்தம்_கைலி | மதியம் 1.17
மறுபடியும் ஆரம்பித்துவிட்டார்.

பாலாறு_மணல் | மதியம் 2.30
லாட்ஜ் தம்பி எங்கே? கண்ணாடி துடைத்தாயா?

மக்கன்பேடா | மாலை 4.10
ஆளைக் காணோம். புது கார்ட்ரிட்ஜ் வாங்கப் போயிருப்பார்.

லாட்ஜ்_தம்பி | இரவு 8.47
அக்கா, ஏதோ ஸ்டிக்கர் பசை. நகத்தில் தட்டியது. ஆல்கஹாலில் துடைத்தேன், கோடு போய்விட்டது. 2 செட் கொடுத்தாச்சு, ஆட்டோ ஏற்றிவிட்டேன். நன்றி எல்லோருக்கும்.

மக்கன்பேடா | இரவு 8.52
சந்தோஷம் தம்பி. இருந்தாலும் அந்த ரீஃபிலை ஒரு தடவை பார்த்துவிடு.

காட்பாடி_பிளாட்பாரம் | இரவு 9.15
எங்கள் மெஷினிலும் ஒரு கோடு விழுகிறது. பார்க்கிறீர்களா?

பாலாறு_மணல் | இரவு 9.16
என்ன மாடல்?