ஹென்சார்டைக் கவிழ்த்தது மழையா, அவசரமா?

நெல்லிமரம்:
தாமஸ் ஹார்டியின் 'தி மேயர் ஆஃப் காஸ்டர்பிரிட்ஜ்' (1886) நாவலில் மேயராயிருந்த தானிய வியாபாரி ஹென்சார்ட் நொடித்துப்போனது பற்றி இங்கே ஒருவர், "மழை காலை வாரிவிட்டது, ஹென்சார்ட் பாவம் என்ன செய்வான்" என்று எழுதியிருக்கிறார். படித்ததும் எரிச்சல்தான் வந்தது. ஆகஸ்ட் கடைசி இரண்டு வாரம் மழையும் புயலும் என்று வானிலை ஜோசியர் ஃபால் சொன்னார். விலை ஏறும் என்று ஹென்சார்ட் கோதுமையை வாங்கிக் குவித்தான். அறுவடை தொடங்கிய சில நாளில் மழை வந்ததா இல்லையா? அதற்கு முன்பே கோதுமையை விற்றுத் தொலைத்தவன் இவன். மழை மேல் எதற்குப் பழி?

கரையோரம்:
அந்த ஒருவர் நான்தான், பெயர் சொல்லியே திட்டலாம். அத்தியாயம் 26ஐத் திறங்கள். களஞ்சியம் நிரம்பிய நேரம் பார்த்துக் காற்று திரும்புகிறது, வெயில் அடிக்கிறது, விலை சரிகிறது. வாங்கிய சரக்குக்குக் கணக்குத் தீர்த்தாக வேண்டும். தள்ளிப்போட வழியில்லாமல்தான் விற்கிறான், குவார்ட்டர் என்ற தானிய அளவுக்குப் பல ஷில்லிங் நஷ்டத்தில். இதற்குப் பெயர் அவசரமா?

நெல்லிமரம்:
அத்தியாயம் 27ஐ ஏன் திறக்கவில்லை? காத்திருந்தால் லாபம் வராவிட்டாலும் நஷ்டமாவது இருந்திருக்காது, ஆனால் அவன் சுபாவத்துக்குப் பொறுமை தெரியாது என்று ஹார்டியே சொல்கிறார்.

தூரிகை:
இருவரும் கோதுமையை விட்டு வெளியே வாருங்கள். அவன் வீழ்ச்சியின் வேர் வெய்டன் என்ற ஊர்ச் சந்தையில் இருக்கிறது. 21 வயதில் ரம் கலந்த கஞ்சியைக் குடித்துவிட்டு மனைவி சூசனையும் குழந்தையையும் ஐந்து கினிக்கு (பழைய ஆங்கில நாணயம்) மாலுமி நியூசனிடம் விற்றான். அந்தக் கஞ்சியை விற்ற கஞ்சிக்காரி பல வருடம் கழித்து அதை நீதிமன்றத்தில் போட்டு உடைத்த அன்றே அவன் சரிவு தொடங்கியது. அத்தியாயம் 31 அதைத்தானே சொல்கிறது?

நெல்லிமரம்:
கஞ்சிக்காரி நீதிமன்றத்துக்கு வருவது 28இல். அவன் சொத்தும் சரக்கும் வங்கி கைக்குப் போனது 26இல். வரிசை தெரியாமல் பேசக்கூடாது. 31இல் இன்னும் இரண்டு காரணம் இருக்கிறதே! தாராளமாக நம்பிய கடனாளி ஒருவன் திவாலானான். மட்டக் கோதுமையின் மாதிரியிலிருந்து சூம்பின மணி, கருகின மணியையெல்லாம் வேலையாள் பொறுக்கி எடுத்துவிட்டான். மாதிரி ஒன்று, மூட்டை வேறு என்றால் தானிய வியாபாரத்தில் யார் நம்புவார்?

கரையோரம்:
வேலையாள் செய்த தப்பும் இவன் அவசரமா?

நெல்லிமரம்:
எல்லாம் ஒரே குணத்தின் விளைவு. அவ்வளவு கோதுமையை எதற்கு வாங்கினான்? போட்டி வியாபாரி ஃபார்ஃப்ரேயை நசுக்க. அதற்கென்றே ஜாப் என்பவனை வேலைக்கு வைத்தான். பல்வலிக்காரன் போல முகத்தில் கைக்குட்டை கட்டிக்கொண்டு இரவில் ஜோசியரிடம் போனான். மைல் கணக்கில் தள்ளிக் கதிர்ப்போரிலேயே அடுக்கிக் கிடந்த கோதுமையைக் கண்ணால் பார்க்காமல் வாங்கினான். அளவோடு வாங்கியிருந்தால் கணக்குத் தீர்க்கும் நாள் கழுத்தை நெரித்திருக்குமா? அதே ஊர், அதே வானம். விவசாயிகள் பயந்து விற்றபோது ஃபார்ஃப்ரே மலிவாக வாங்கினான். மூன்று நாள் வெயிலுக்குப் பின் மழை வந்ததும் விலை ஏறியது, அவனுக்குப் பணம் கொட்டியது. ஹென்சார்ட்? யாரோ சூனியம் வைத்துத் தன் மெழுகு உருவத்தை நெருப்பில் வாட்டுகிறார்களோ என்று யோசித்துக்கொண்டு நின்றான்.

தூரிகை:
அவனை மனசாட்சி இல்லாதவன் போலப் பேசாதீர்கள். கடன் கொடுத்தவர்கள் முன் தங்கக் கடிகாரத்தையே கழற்றி வைத்தான். அவர்கள் வேண்டாம் என்றதும் அதை விற்று அவர்களில் ஒரு ஏழைக்குக் கொடுத்தான். திரும்பி வந்த சூசனுக்கு ஐந்து கினி அனுப்பியது வேறு.

கரையோரம்:
ஐந்து கினி மனசாட்சியா? விற்ற விலைக்கே திருப்பி வாங்கினான். அதுவும் வியாபாரம்தான்.

தூரிகை:
ஹென்சார்டின் பழைய காதலி லூசெட்டா பற்றிப் பேசியபோதும் இப்படித்தான் ஈரமில்லாமல் எழுதினீர்கள். மறக்கவில்லை.

கரையோரம்:
லூசெட்டாவை இங்கே இழுக்காதீர்கள். மனிதன் கடிகாரம் கொடுத்ததற்கும் கோதுமைக்கும் என்ன சம்பந்தம்?

நெல்லிமரம்:
கடிகாரம் 31இல். கோதுமை 26, 27இல். மழைக்கு முன்பே விற்றான். இதற்குப் பதில் இன்னும் வரவில்லை.

கரையோரம்:
பதில் முதலிலேயே சொன்னேன். விற்காமல் எந்தக் காசைக் கொண்டு கணக்குத் தீர்ப்பான்? 26ஐ முழுதாகப் படியுங்கள்.

நெல்லிமரம்:
27ஐப் படியுங்கள்.