ஊழியர்களைத் தானாகப் படிக்க வைப்பது எப்படி? உதவுங்கள்

வணக்கம். அலுவலகத்தில் பயிற்சிப் பிரிவைப் பார்த்துக்கொள்கிறேன். எல்லாருக்கும் ஆன்லைன் கற்றல் தளத்தில் லாகின் கொடுத்து 6 மாதம் ஆகிறது. கட்டாயப் பாடங்களை மட்டும் கடைசி நாளில் முடிக்கிறார்கள். அதுவும் வீடியோவை ஓடவிட்டு வேறு வேலை பார்த்துக்கொண்டே. விருப்பப் பாடங்கள் பக்கம் யாரும் எட்டிப்பார்ப்பதில்லை.

பேட்ஜ் (பாடம் முடித்தால் கிடைக்கும் சின்னம்), லீடர்போர்டு (யார் முன்னணி என்று காட்டும் பட்டியல்) எல்லாம் வைத்துப் பார்த்தேன். 2 வாரம் சூடு பிடித்தது, அப்புறம் பழைய கதைதான். வெகுமதி கொடுத்தால் உள்ளார்வம் குறையலாம் என்று உளவியலாளர் எட்வர்ட் டெசி 1971இலேயே சோதனை செய்து காட்டியிருக்கிறார். அவரும் ரிச்சர்ட் ரயனும் பின்னர் சொன்னது: சொந்த விருப்பம், திறமை வளரும் உணர்வு, பிறரோடு பிணைப்பு, இந்த மூன்றும் வேண்டும். சரி, திங்கட்கிழமை காலையில் இதை எப்படிச் செயல்படுத்துவது?

நேரம்தான் முதல் சிக்கல் என்று எனக்குத் தோன்றுகிறது. வேலை நேரத்திலேயே வாரம் ஒரு மணி நேரம் ஒதுக்கச் சொன்னேன். மேலாளர்கள் முகம் சுளிக்கிறார்கள். (அவர்களே ஒரு பாடமும் திறந்ததில்லை என்பது தனிக்கதை.)

உங்கள் இடத்தில் எது பலித்தது? மேலாளர்களை எப்படிச் சம்மதிக்க வைத்தீர்கள்? குழுவாகப் படிப்பது, 10 நிமிடப் பாடங்கள் என்று எதை முயன்றிருந்தாலும் சொல்லுங்கள். சொதப்பிய அனுபவமும் வேண்டும்.