வை.மு. கோதைநாயகி அம்மாளைப் பற்றிய உரை: எங்கிருந்து தொடங்கலாம்?

மாடவீதி:
அனைவருக்கும் வணக்கம். எங்கள் நூலக வாசகர் வட்டத்தில் வை.மு. கோதைநாயகி அம்மாளைப் (1901–1960) பற்றி அரை மணி நேரம் பேசும் பொறுப்பு எனக்கு வந்திருக்கிறது. 115 நாவல்கள், 'ஜகன்மோகினி' இதழாசிரியர், விடுதலைப் போராட்டக் கைதி, பாடகி என்று அடுக்கிக்கொண்டே போனால் ஐந்து நிமிடத்தில் உரை முடிந்துவிடும். கேட்பவர் மனத்தில் ஒன்றும் தங்காது. அக்காலத்துப் பெண்கள் அவரைத் தங்கள் வீட்டு மனுஷியாகவே கருதியது எதனால் என்பதைச் சொல்ல விரும்புகிறேன். எதை முன்னிறுத்தலாம்?

பழைய இதழ்:
அவருடைய குரலை முன்னிறுத்துங்கள். ஐந்தரை வயதில் மணமாகி, பள்ளிக்கூடம் போகாமலே வளர்ந்த அவர், எழுத்தாளர் ஆவதற்கு வெகுகாலம் முன்பே அக்கம்பக்கத்துப் பிள்ளைகளுக்குக் கதை சொல்பவராக இருந்தார். கணவர் பார்த்தசாரதி அழைத்துச் சென்று காட்டிய நாடகங்கள் அவருக்குள் ஆசையை மூட்டின. 'இந்திர மோகனா' என்ற அவரது முதல் நாடகத்தைக்கூட, அவர் சொல்லச் சொல்லத் தோழி பட்டம்மாள்தான் எழுதினார். தாளில் எழுதிப் பழகாத கை, பிற்பாடு 1925இல் ஒரு மாத இதழையே ஏற்று நடத்தத் துணிந்தது. அவருடைய நாவல்களில் காணும் நீண்ட உரையாடல்களை இந்தப் பின்னணியில் படித்தால், திண்ணையில் உட்கார்ந்து கேட்பது போலிருக்கும்.

தாளக்கட்டு:
மேலே சொன்னதை ஏற்கிறேன். அதே குரல்தான் மேடைக்கும் போனது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். காங்கிரஸ் கூட்டங்களில் பாரதியார் பாடல்களைப் பாடுவார், பேசவும் செய்வார். நல்ல குடும்பத்துப் பெண்கள் பொதுமேடையில் பாடலாமா என்று ஊர் வாயைக் கோணிய காலம் அது. அப்போது இளம் பாடகியாக இருந்த டி.கே. பட்டம்மாளை ஊக்கப்படுத்தியவர்களில் அவரும் ஒருவர். காந்தியடிகளைச் சந்தித்தபின் பட்டுப் புடவைகளையும் நகைகளையும் விட்டுக் கதர் உடுத்தினார். 1932இல் மறியலில் கைதாகிச் சிறை சென்றார். உள்ளே இருந்தபோதும் கிடைத்த தாளில் கதை எழுதினார். வெளியே கணவர் இதழைக் கவனித்துக்கொண்டார். அந்தக் கணவரைப் பற்றி நம் கட்டுரைகள் ஒரு வரிக்கு மேல் எழுதுவதில்லை என்பது எனக்கு நெடுநாள் வருத்தம்.

கறிவேப்பிலை:
நண்பர்கள் இருவரும் புகழை மட்டும் சொல்கிறீர்கள். அவருடைய கதைகளில் தற்செயல் நிகழ்ச்சிகள் மிகுதி, அறிவுரையும் மிகுதி. இன்றைய வாசகருக்கு அலுப்புத் தட்டும். இதை மறைக்காமல் சொல்லிவிடுவது நல்லது. அதோடு, விதவை மறுமணத்தையும் பெண்கல்வியையும் பற்றிப் பிறர் பேசத் தயங்கிய நாளில், சமையலறைப் பெண்களிடம் அவற்றைக் கொண்டு சேர்த்தவை அந்தக் கதைகளே என்பதையும் சொல்லுங்கள்.

உங்கள் கேள்விக்கு நேரான விடை ஒன்று இருக்கிறது. அவர் பிரசவம் பார்ப்பதில் கைதேர்ந்தவர், கைவைத்தியமும் அறிந்தவர். அக்கம்பக்கத்தில் ஒரு பெண்ணுக்கு வலி எடுத்தால் போய் நிற்பார். நாவலாசிரியர் என்பதற்காக மட்டுமா ஒருவரை வீட்டு மனுஷி என்பார்கள்? காந்தியடிகள் மறைந்தபின் ஏழைப் பெண்களுக்கும் பிள்ளைகளுக்குமாக மகாத்மாஜி சேவா சங்கத்தைத் தொடங்கினார். விடுதலைப் போராட்டத் தொண்டுக்காக அரசு தந்த நிலத்தை, நிலமற்றவர்களுக்காக நிலக்கொடை திரட்டிய பூதான இயக்கத்துக்கே கொடுத்துவிட்டார்.

மாடவீதி:
மூவருக்கும் நன்றி. பிரசவச் செய்தியிலிருந்தே தொடங்கி, கதை சொன்ன பெண்ணிடம் போய், அதன்பின் இதழுக்கு வரலாம் என்று நினைக்கிறேன். நாவல் பகுதி ஒன்றையும் உரக்க வாசிக்க எண்ணம். எதைத் தேர்ந்தெடுப்பது?

பழைய இதழ்:
அவருடைய எழுத்துகள் நாட்டுடைமை ஆக்கப்பட்டவை; ஆகவே தயக்கமின்றி வாசிக்கலாம். இரண்டு பெண்கள் பேசிக்கொள்ளும் இடம் ஒன்றைத் தேர்ந்து, அதை வாசகிகள் இருவரிடம் பிரித்துக் கொடுத்துவிடுங்கள்.